குளிரில் பசித்த கூடுகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அக்டோபர் முடிவதற்குள் கடைசி மலரும் உதிர்ந்துவிடும். மீண்டும் மலர்கள் பூப்பதற்கு ஏப்ரல் வரவேண்டும். இடைப்பட்ட மாதங்களில் நிலம் பனியால் மூடிக் கிடக்கும். அக்காலத்தைத் தேனீக்கள் உறங்கிக் கழிப்பதில்லை. பல்லாயிரம் தேனீக்கள் அடைகளுக்கு நடுவே ஒரு பந்தைப் போல நெருங்கித் திரண்டு நிற்கின்றன. பறப்பதற்கு உரிய தசைகளை, இறக்கைகளை விரிக்காமலேயே அதிரச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. வெளியே நீர் பாறையாய் உறைந்திருக்கும் நாளிலும் அத்திரளின் நடுவே, இராணித் தேனீ இருக்கும் இடத்தில், வெதுவெதுப்பு நிலவுகிறது. அந்த வெப்பத்திற்கு விறகு தேன்தான். கோடையில் சேர்த்து மெழுகால் மூடிவைத்த தேனைச் சிறிது சிறிதாக உண்டுகொண்டே, திரள் முழுவதும் அடையின் மேற்பகுதியை நோக்கி மெல்ல நகர்கிறது. அத்தகைய குளிர் நாட்டில் ஒரு தேனீக் குடும்பம் குளிர்காலத்தைக் கடக்க ஏறத்தாழ 30 கிலோ தேன் வேண்டும்.

தேன் தீர்ந்துவிட்டால் விறகு தீர்ந்த அடுப்பின் கதிதான். வெப்பம் தணியும், தேனீக்கள் ஒவ்வொன்றாக விறைத்து விழும். பிப்ரவரியில் அவ்வாறு மடிந்த கூட்டைத் திறந்து பார்த்தால், வெற்று அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே நூற்றுக்கணக்கான தேனீக்கள் இறந்து கிடக்கும். கடைசித் துளியைத் தேடி உள்ளே புகுந்தவை அவை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பசியைத் தீர்க்க எளிய வழி எதுவும் இல்லை. அக்காலத்தில் தேனீக்களை வைக்கோற்புரியால் பின்னிய கூடைகளிலும், நான்கு பக்கமும் அடைத்த மரப்பெட்டிகளிலும் வளர்த்தனர். அடைகள் கூரையோடும் சுவரோடும் ஒட்டியே இருக்கும். அவற்றை அறுக்காமல் வெளியே எடுக்க முடியாது. உள்ளே தேன் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் காணவும் இயலாது. ஆகவே இலையுதிர் காலத்தில் கூடையைக் கையால் தூக்கி எடை பார்ப்பர். மிகக் கனமான கூடைகளைத் தேனுக்காகத் தேர்ந்தெடுப்பர். மிக இலேசானவையும் தனியே பிரிக்கப்படும். அவை எவ்வாறாயினும் குளிரில் பட்டினியால் மடியும் என்பது கணக்கு. பின்னர் நிலத்தில் குழி தோண்டி, அதில் கந்தகத்தை எரித்து, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து வைப்பர். சில நிமிடங்களில் குடும்பம் முழுவதும் அழிந்துவிடும். நடுத்தர எடையுள்ள கூடைகள் மட்டுமே அடுத்த ஆண்டைக் காண்பதற்காக விட்டுவைக்கப்பட்டன. கொடிய வழக்கம்தான், ஆயினும் கொடியவர்கள் செய்த வழக்கம் அன்று. வேறு வழி அறியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது.

இவ்வழக்கம் மறைவதற்குப் பெருங்காரணமாக அமைந்தவர் லொரென்சோ லொரெய்ன் லாங்ஸ்ட்ராத் என்னும் கிறித்தவப் போதகர்.

லாங்ஸ்ட்ராத் 1810ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே எறும்புகளையும் பூச்சிகளையும் கண்டால் அவ்விடத்திலேயே மண்டியிட்டு அமர்ந்துவிடுவார். அவருடைய காற்சட்டைகள் முழங்காலில் கிழிந்துகொண்டே இருந்தன. பெற்றோர் அதனை விரும்பவில்லை. பூச்சிகளைப் பார்த்துப் பொழுதைக் கழிப்பது வீண் என்றே அவர்கள் கருதினர். ஆதலால் அந்த ஆர்வம் உள்ளே புதைந்துபோயிற்று. யேல் கல்லூரியில் பயின்று 1831இல் பட்டம் பெற்ற காலத்திலும், பின்பு அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றிய காலத்திலும் அவர் பூச்சிகளைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. 1836இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் ஊரில் திருச்சபைப் போதகரானார். அதே ஆண்டில் ஆன்னா டக்கர் என்பவரை மணந்தார்.

1838ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் அவர் நண்பர் ஒருவரைக் காணச் சென்றார். அங்கே மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை இருந்தது. அதனுள் தேனீக்கள் கட்டிய வெண்ணிற அடை, தேன் நிறைந்து மின்னியது. நண்பர் அவரை மாடிப் பரணுக்கு அழைத்துச் சென்று தம் தேனீக்களைக் காட்டினார். முழங்கால் கிழிய அமர்ந்திருந்த சிறுவன் அந்த நொடியில் மீண்டு வந்தான் போலும். அன்று மாலை வீடு திரும்பியபோது லாங்ஸ்ட்ராத் இரண்டு தேனீக் குடும்பங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அவருடைய வாழ்வில் மற்றொரு துணையும் இருந்தது. அதைத் துணை என்று சொல்வது பொருந்தாது. இளமை முதலே கடுமையான மனச்சோர்வு அவரை அடிக்கடி பற்றிக்கொண்டது. சில சமயம் வாரக்கணக்கிலும், சில சமயம் மாதக்கணக்கிலும் அது நீடித்தது. அந்நாட்களில் அவரால் பேசவோ, எழுதவோ, சபையை நடத்தவோ இயலாது. தாம் பெரிதும் விரும்பிய தேனீக்களைக் காணவும் மனம் ஒவ்வாது. தேனீ நூல்களைக் கண்ணில் படாமல் எடுத்துவைக்கச் சொல்வார். இந்நோயின் காரணமாகவே போதகர் பணியை விட்டுப் பள்ளி ஆசிரியராவதும், மீண்டும் போதகராவதும், மீண்டும் அப்பணியைத் துறப்பதுமாக அவர் வாழ்க்கை அமைந்தது. மன நோய்க்கு மருந்து காணாத காலம் அது. திறந்த வெளியில் தேனீக்களோடு பழகுவது உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தரும் என்று அவர் கருதினார். நோய் விலகியிருந்த நாட்களில் இருவர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்தார்.

தேனீக்களைப் பற்றி முன்னோர் எழுதியவற்றை அவர் தேடிப் படித்தார். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவாவில் வாழ்ந்த பிரான்சுவா ஹூபர் என்பவரின் நூல் அவரை மிகவும் கவர்ந்தது. ஹூபர் இளமையிலேயே பார்வையை இழந்தவர். தம் பணியாளர் புர்னென்சின் கண்களைக் கொண்டே தேனீக்களின் வாழ்வை ஆராய்ந்தவர். புத்தகத்தின் ஏடுகளைப் போலத் திருப்பிப் பார்க்கக்கூடிய மரச்சட்டங்களால் அவர் ஒரு கூடு செய்திருந்தார். லாங்ஸ்ட்ராத் அதைப் போன்ற ஒன்றைத் தாமும் செய்வித்துப் பார்த்தார். அடைகளை ஒவ்வொன்றாகக் காண முடிந்தது. ஆனால் அன்றாடப் பயன்பாட்டிற்கு அது ஏற்றதாக இல்லை. சட்டங்களைத் தேனீக்கள் மரப்பிசினால் ஒட்டிவிட்டன. மூடும்போது தேனீக்கள் நசுங்கின. நசுங்கியவற்றைக் கண்டு மற்றவை சினந்தன.

1848இல் லாங்ஸ்ட்ராத் பிலடெல்பியாவுக்குத் திரும்பி, பெண்களுக்கான பள்ளி ஒன்றை நடத்தினார். நகரின் மேற்குப் பகுதியில் தேனீத் தோட்டம் ஒன்றும் அமைத்தார். அங்கே அவர் வைத்திருந்த பெட்டிகளில் அடைகள் மேற்குச்சிகளிலிருந்து தொங்கின. பெட்டியின் மூடியை எளிதாக எடுப்பதற்காக, மூடிக்கும் குச்சிகளுக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர், இடைவெளி விட்டிருந்தார். அந்த இடைவெளியைத் தேனீக்கள் ஒன்றும் செய்யவில்லை. அது மிகக் குறுகியிருந்தால் பிசினால் அடைத்திருக்கும். மிக அகன்றிருந்தால் அங்கே ஓர் அடையைக் கட்டியிருக்கும். இரண்டும் இன்றி, தாம் நடந்துசெல்லும் வழியாக அதனை அப்படியே விட்டுவைத்தன.

எனினும் அடைகளின் பக்கங்கள் பெட்டியின் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுத்தே எடுக்கவேண்டியிருந்தது. 1851ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், இதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தார். மூடியின் கீழே தேனீக்கள் விட்டுவைத்த அதே இடைவெளியைச் சுற்றிலும் கொடுத்தால் என்ன? அடையை நான்கு பக்கமும் மரச்சட்டத்துக்குள் அமைத்து, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே அதே அளவு வழி விட்டால் தேனீக்கள் அதையும் ஒட்டமாட்டா. தெருவில் நின்றபடியே ஆர்க்கிமிடீசைப் போலக் கூவிவிடத் தோன்றியதாக அவர் பின்னாளில் எழுதினார். எட்டில் மூன்று அங்குலம் என்பது நம் சுண்டுவிரலின் அகலத்திற்கும் குறைவு.

தேனீப்பெட்டியில் சட்டத்தை முதன்முதலில் கண்டவர் லாங்ஸ்ட்ராத் என்று கூறுவது சரியன்று. உக்ரைனில் புரோகோபோவிச் என்பவரும், சிலேசியாவில் ஜெர்சோன் என்னும் பாதிரியாரும் அவருக்கு முன்னரே அடைகளை எடுக்கக்கூடிய கூடுகளை அமைத்திருந்தனர். ஆனால் எந்தச் சட்டத்தையும், எந்த நேரத்திலும், அறுக்காமல், மேலிருந்து தூக்கி எடுக்கும் எளிமை லாங்ஸ்ட்ராத்தின் பெட்டியில்தான் கைகூடியது. 1852 அக்டோபர் 5ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பசித்த கூட்டிற்கு உணவூட்டுவது இப்போது ஒரு கைவேலையாயிற்று. இலையுதிர் காலத்தில் பெட்டிகளைத் திறந்து பார்க்கலாம். ஒரு குடும்பத்தில் தேவைக்கு மேல் தேன் இருக்கும். அடுத்த குடும்பத்தில் இராது. வளமான குடும்பத்திலிருந்து தேன் நிறைந்து மெழுகால் மூடிய சட்டம் ஒன்றைத் தூக்கி, தேனீக்களை மெல்ல உதறிவிட்டு, ஏழைக் குடும்பத்தின் திரளுக்கு அருகில் வைத்துவிட்டால் போதும். தேனீக்களே சேர்த்து, தேனீக்களே பதப்படுத்தி, தேனீக்களே மூடிவைத்த உணவு அது. இதனினும் இயற்கையான உணவு வேறொன்று இல்லை. அதிக வலிமையற்ற இரண்டு குடும்பங்களை ஒன்றாக இணைத்துவிடவும் முடிந்தது. இரண்டு சிறு திரள்களைவிட ஒரு பெரிய திரள் தேனைச் சிக்கனமாகச் செலவிட்டு வெப்பத்தைக் காக்கும்.

தேன் சட்டம் அண்டையில் கிடைக்காதபோது என்ன செய்வது? இதற்கும் லாங்ஸ்ட்ராத்தின் நூலில் வழி உண்டு. கடுங்குளிரில் சர்க்கரைப்பாகு போன்ற நீர்த்த உணவைக் கொடுப்பது தவறு. திரளை விட்டு விலகி அதனை எடுக்கச் செல்லும் தேனீ திரும்பி வருவதற்குள் விறைத்துவிடும். அதிக நீர் உட்கொண்ட தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கு நேரும். தேனீ தன் கூட்டுக்குள் கழிவதில்லை. வெளியே பறந்தே கழிக்கும். பனி பெய்யும்போது அதற்கு வழி ஏது? ஆதலால் பாகுணவை வெதுவெதுப்பான இலையுதிர் நாட்களிலேயே கொடுத்து முடித்துவிடவேண்டும். குளிரின் நடுவே கெட்டியான உணவே ஏற்றது. சிலேசியா நாட்டுத் தேனீ வளர்ப்பவர் ஒருவரின் முறையை லாங்ஸ்ட்ராத் எடுத்துக் காட்டினார். ஒரு பைண்ட் தேனை நீர் சேர்க்காமல் சூடாக்கி, நான்கு பவுண்டு பொடித்த சர்க்கரையோடு சேர்த்து, சப்பாத்தி மாவைப் போல இறுகப் பிசையவேண்டும். அதைத் தட்டைகளாக்கி, முரட்டுத் துணியில் சுற்றித் திரளுக்கு எட்டும்படி வைக்கவேண்டும். திரளிலிருந்து மேலெழும் வெப்பமும் ஈரமும் அதை இளக்க, தேனீக்கள் இருந்த இடத்திலிருந்தே உண்ணும்.

உணவு இருந்தும் பட்டினி கிடக்கும் கூடுகளும் உண்டு. ஓர் அடையில் இருக்கும் தேனைத் தின்று முடித்த தேனீக்கள், அடுத்த அடையில் தேன் நிறைந்திருந்தாலும், கடுங்குளிரில் அடையின் விளிம்பைச் சுற்றி அங்கே போகமாட்டா. சில அங்குலத் தொலைவில் உணவை வைத்துக்கொண்டே மடிந்துவிடும். இதனை அறிந்த லாங்ஸ்ட்ராத், குளிர் தொடங்குமுன் ஒவ்வோர் அடையின் நடுவிலும் ஒரு துளை இடுமாறு கூறினார். சுவரில் ஒரு சிறு வாயில் திறந்தது போல் அது அமையும். கூட்டுக்குள் தேங்கும் ஈரம் மேலே வெளியேற வழி வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். வறண்ட குளிரைத் தாங்கும் தேனீக்கள் ஈரக்குளிரைத் தாங்குவதில்லை.

உணவூட்டுவதில் ஆபத்தும் இருந்தது. தேனின் மணம் வெளியே பரவினால் வலிய குடும்பங்கள் படையெடுத்து வந்து மெலிந்த குடும்பத்தைக் கொள்ளையிடும். உதவி என்று செய்தது அழிவாக முடியும். ஆகையால் மாலை நேரத்தில், ஒரு துளியும் சிந்தாமல், கூட்டின் வாயிலைக் குறுக்கிவைத்துக் கொடுக்கவேண்டும். நோயுற்ற குடும்பத்தின் தேனை நலமான குடும்பத்துக்குக் கொடுத்தால் நோயும் சேர்ந்து போகும். அவசர உணவு அவசரத்திற்கு மட்டுமே. கோடையில் தேனையெல்லாம் எடுத்துக்கொண்டு குளிரில் சர்க்கரை கொடுத்துச் சமன் செய்துவிடலாம் என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

இவற்றையெல்லாம் அவர் 1853இல் வெளியிட்ட தேன்கூடும் தேனீயும் பற்றிய நூலில் விரிவாக எழுதினார். அவருடைய கையெழுத்து எளிதில் படிக்க முடியாதது. அந்நூலை அச்சகத்தார் படிக்கும் வண்ணம் திருத்தமாகப் படியெடுத்துத் தந்தவர் அவர் மனைவி ஆன்னா. கணவரின் நோய்க் காலங்களில் குடும்பத்தைத் தாங்கியவரும் அவரே. நூலின் அட்டையில் அவர் பெயர் இல்லை.

1858இல் அக்குடும்பம் ஒகாயோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு ஊரில் குடியேறியது. பத்து ஏக்கர் நிலத்தோடு கூடிய செங்கல் வீடு அது, இன்றும் நிற்கிறது. அங்கே லாங்ஸ்ட்ராத் தேனீக்களுக்காகவே லிண்டன் மரங்களையும், தேன் தரும் செடிகளையும் வளர்த்தார். மகன் ஜேம்சோடு சேர்ந்து இத்தாலிய இன இராணித் தேனீக்களை வளர்த்து நாடெங்கும் அஞ்சலில் அனுப்பினார்.

ஆனால் பெட்டியால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. அதன் அமைப்பு மிக எளியது. பார்த்தவர் எவரும் செய்துகொள்ளலாம். அனுமதி பெறாமலேயே பலர் செய்து விற்றனர். வழக்குகள் நடந்தன, பணமும் உடல்நலமும் அவற்றில் கரைந்தன. 1870இல் மகன் ஜேம்ஸ் இறந்தார். 1873இல் ஆன்னா மறைந்தார். அடுத்த ஆண்டில், உலகம் முழுவதும் தம் பெட்டியில் தேனீ வளர்க்கத் தொடங்கியிருந்தபோது, லாங்ஸ்ட்ராத் தம்மிடம் எஞ்சியிருந்த தேனீக்களை விற்றுவிட்டார்.

முதுமையில் மனச்சோர்வு மிகுந்தது. நூலைப் புதுப்பிக்கவேண்டிய காலம் வந்தபோது அவரால் எழுத இயலவில்லை. பிரான்சிலிருந்து வந்து இல்லினாய் மாநிலத்தில் குடியேறியிருந்த சார்லஸ் தாதானும் அவர் மகனும் அப்பணியை ஏற்று, 1889இல் புதிய பதிப்பை வெளியிட்டனர். தாதான் தமக்கென வேறு வகைப் பெட்டி ஒன்றை ஆதரித்தவர். பெட்டியின் அளவு பற்றி இருவருக்கும் கருத்து ஒன்றாக இல்லை. ஆயினும் நூல் லாங்ஸ்ட்ராத்தின் பெயரிலேயே தொடர்ந்தது. தாதான் குடும்பத்தினர் வழியாக அது பிரெஞ்சு மொழிக்கும் சென்றது.

பெட்டி கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை நியூட்டன், உருவில் சிறியதான இந்தியத் தேனீக்கு ஏற்றபடி சட்டங்களைச் சிறிதாக்கி ஒரு பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். தமிழ்நாட்டில் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. அங்கே உறைபனி இல்லை. தேனீக்களுக்குப் பஞ்ச காலம் என்பது மலர் குறைந்த மழைக்காலம். காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் நிலைமை வேறு. இமாசலத்தின் காங்ரா பகுதியில் 1960களில் ஐரோப்பியத் தேனீ நிலைபெற்றபின், லாங்ஸ்ட்ராத் பெட்டிகள் வட இந்தியாவெங்கும் பரவின. குளிர் இறங்கும் வேளையில் மலைநாட்டார் பலர் அப்பெட்டிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பஞ்சாபிலும் அரியானாவிலும் இராசத்தானிலும் மஞ்சளாய்ப் பூத்திருக்கும் கடுகு வயல்களுக்கு வருகின்றனர். மலைக்கு உணவைக் கொண்டுசெல்வதற்கு மாறாக, உணவிருக்கும் இடத்திற்குக் கூட்டையே கொண்டுவருகின்றனர். சட்டங்கள் அசையாமல் பெட்டிக்குள் நிற்பதால்தான் இப்பயணம் இயல்கிறது.

1887 முதல் லாங்ஸ்ட்ராத் மகளின் குடும்பத்தோடு டேட்டன் நகரில் வாழ்ந்தார். நோய் விலகிய நாட்களில் தேனீ இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். தம் வாழ்க்கை நினைவுகளையும் எழுதத் தொடங்கினார். 1895 அக்டோபர் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலயத்தில் பேசுமாறு அவரை அழைத்திருந்தனர். எண்பத்து நான்கு வயது முதியவர் மேடையில் அமர்ந்தபடி இறைவனின் அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சில நிமிடங்களில் பேச்சு நின்றது, உயிர் பிரிந்தது.

ஒகாயோவின் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளைத் திறந்து, எந்தக் குடும்பத்தில் தேன் குறைவு என்று சட்டம் சட்டமாகப் பார்க்கும் மாதம் அது.